ஈர்த்தது யார்?

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு ‘ஈர்க்கப்பட்டது’ என்று எழுதினார்கள். தமிழ் கற்பிப்பவள் நான். செயப்பாட்டுவினையைக் கண்டால் செய்தவர் யார் என்று தேடுவேன். நிலம், மின்சாரம், துறைமுகம், வரிச்சலுகை என்பார்கள். திருப்பெரும்புதூர்ச் சாலையில் ஷிப்ட் பேருந்துகள் கடக்கும்போது ஜன்னலோரம் தூங்கி வழியும் முகங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இளம்பெண்கள்.

இது புதிதல்ல. 2006இல் வந்த நோக்கியாவும் இவர்களுடைய கைகளை நம்பித்தான் ஓடியது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றபோது வரித்தகராறு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இருபதுகளின் நடுவில் ஊர் திரும்பிய பெண்களைப் பற்றிப் படித்தது சொற்பம்.

2024 ஜூனில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்றது அச்சட்டம். இங்கே ஆண் எங்கே வந்தான்? கட்டியவளும் கட்டாதவளும்தானே தராசில் நிற்கிறார்கள்! குடும்பப் பொறுப்பு, கர்ப்பம் ஆகியவற்றோடு, மெட்டியும் தாலியும் உற்பத்திக்கு இடையூறு என்பதும் அச்செய்தி சொன்ன காரணங்களில் ஒன்று. ஊர் புனிதம் என்கிறது, ஆலை உலோகம் என்கிறது. இரண்டுமே அவள் கழுத்தைத்தான் பார்க்கின்றன.

அதே ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அதைக் குறைசொல்ல நாக்கு எழவில்லை. விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த பெண்களை நாம் பார்த்தோம். ஆனால் விடுதிக் கட்டில் ஒற்றை ஆளுக்கானது. கைக்குழந்தைக்காரிக்கு அதில் இடமில்லை.

என் மாணவிகள் சிலர் பட்டம் வாங்கிய கையோடு அங்கே போயிருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் தம்பியின் கல்லூரிக் கட்டணமாகியிருக்கிறது, வீட்டுக்குத் தளம் போட்டிருக்கிறது. “இந்த வேலைய சொல்லியே மூணு வரனைத் தட்டிக்கழிச்சிட்டேன் மேடம்” என்றாள் ஒருத்தி. அந்த வேலையே வேண்டாமென்று நான் எப்படிச் சொல்வேன்? நான்காவது வரனுக்கு அவள் சம்மதித்தால் வேலை என்னாகும் என்பதே என் கேள்வி. மாநாட்டில் கையெழுத்தாகிறவற்றுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று பெயர். மணமானாலும் பிள்ளை பெற்றாலும் அவள் அதே வேலைக்குத் திரும்பலாம் என்று அதில் ஒரு வரி சேர்க்கட்டும்.