பேய்ப்படையும் பன்னிரண்டு மணி வெயிலும்

இரவு ஷிப்ட் முடித்து வந்து, மேசை விளக்கடியில் ஒரு பேயின் கையில் ஈட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அழுத்தவில்லை, தொட்டேன், அவ்வளவுதான். 'டிக்' என்றது. மணிக்கட்டோடு கை போய்விட்டது. அந்த வாரத்தில் அது நான்காவது கை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறேன். இரும்பு எங்கே முறியும், ஏன் முறியும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பொம்மை ஏன் முறிகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. மேசை மேல் வைக்கும் சிறிய ரெசின் பிரிண்டர் ஒன்றுடன் ஏழு வாரம் வாழ்ந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்தால், அந்த முறிவுதான் முன்னால் வந்து நிற்கிறது.

இயந்திரத்தின் பெயரை எழுதவில்லை. இந்த அளவில் வரும் சீன இயந்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அடியில் எல்சிடி திரை, அதன் மேல் ரெசின் ஊற்றும் தொட்டி, மேலிருந்து இறங்கி ஏறும் தட்டு. திரை வழியாக ஊதா ஒளி பட்ட இடம் கெட்டியாகும், தட்டு ஒரு படலம் உயரும், மறுபடி ஒளி. எண்களெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன.

நான் இதை வாங்கியது ஒரே காரணத்துக்காக. எனக்கு ஒரு பேய்ப்படை வேண்டியிருந்தது.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு நம் பக்கம் இன்னும் அதிகம் பரவவில்லை. ஆனால் தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதைப் பிடித்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். கட்டங்களுக்குப் பதில் அளவுநாடா, சோழிக்குப் பதில் பகடை, காய்களுக்குப் பதில் நாமே வண்ணம் தீட்டிய சிறு உருவங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'வார்ஹாமர்'தான் இன்று இந்த உலகத்தின் பெரிய பெயர். அதில் பேய்ப்படை ஒரு தனிக் கட்சி. கொம்பும் குளம்பும், முறுக்கேறிய தசையுமாக அழகாகத்தான் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விலையோடு கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால், முழுப் படை ஒன்று ஷிப்ட் சம்பளக்காரனுக்கு எட்டாது. அந்த நிறுவனம் நடத்தும் போட்டிகளில் அவர்களுடைய உருவங்களைத்தான் வைக்க முடியும். நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டின் தரையில் ஆடுகிறவர்கள், அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு இல்லை. 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்ற விதிமுறை எந்த உருவத்தை வைத்தும் ஆடலாம் என்கிறது, அடிப்படை விதிகள் இலவசம். மான்டிக் நிறுவனத்தின் 'கிங்ஸ் ஆஃப் வார்' விளையாட்டிலும், படைப்பிரிவு தரையில் பிடிக்கும் இடம்தான் கணக்கு.

மாற்று உருவம் என்பதற்கும் இலக்கணம் உண்டு. அடித்தட்டின் அகலம் சரியாக இருக்க வேண்டும், காலாட்பேய்க்கு நான் 32 மில்லிமீட்டர் வைத்திருக்கிறேன். உயரமும் ஒத்துப்போக வேண்டும், மறைவுக்குப் பின்னால் நிற்கும்போது தெரிகிறதா இல்லையா என்ற வாதம் அதில்தான் வரும். எதிரே உட்கார்ந்திருப்பவர் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்ததும், இது ஈட்டிப் பேய், இது தலைவன் என்று சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் இருந்தால் பட்டன் வைத்தும் ஆடலாம். ஆனால் பட்டனுக்கு யாரும் இரவு விழித்து வண்ணம் தீட்ட மாட்டார்கள்.

முதலில் கொலு பொம்மைகளைத்தான் தேடிப் போனேன். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன். மகிஷன் இருக்கிறான், இரணியன் இருக்கிறான், பூதகணங்கள்கூட இருந்தன. எல்லாமே என் மேசைக்குப் பெரியவை. சின்னதாகக் கிடைத்தவை களிமண்ணில் கை கால் உடம்போடு ஒட்டிய உருவங்கள். அமெரிக்காவின் ரீப்பர் நிறுவனத்தின் விலை குறைந்த 'போன்ஸ்' உருவங்களையும் பட்டியலில் பார்த்தேன். அங்கும் அதே கொம்பு, அதே வௌவால் இறக்கை.

அப்போதுதான் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. நம் பேய்க்கு எங்கே கொம்பு?

என் மாவட்டத்திலேயே திருவாலங்காடு இருக்கிறது. அரக்கோணம் ரயிலில் திருவள்ளூர் தாண்டி ஐந்தாவது நிறுத்தம். ஐந்து சபைகளில் இரத்தின சபை அது. தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்ட காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த சுடுகாடு அந்த ஆலங்காடுதான். அவர் பாடிய பேய் நரம்பு தெரிய மெலிந்தது, கண் குழிந்தது, வயிறு ஒட்டியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அம்மையாரின் சோழர் காலச் செப்புப் படிமம் ஒரு சாண் உயரம்தான். படத்தில் பார்த்தாலே விலா எலும்பை எண்ணலாம். அம்மையாரை நான் விளையாட்டு மேசையில் நிறுத்த மாட்டேன், அது வேறு இடம். ஆனால் மெலிவுதான் பேயின் உருவம் என்று எனக்குக் காட்டியது அவர்தான்.

படைக்கு வேண்டிய மற்றதெல்லாம் கலிங்கத்துப்பரணியில் இருந்தது. முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் வென்றதைப் பாடும் அந்த நூலில், பேய்களுக்கென்றே செயங்கொண்டார் தனிப் பகுதி வைத்திருக்கிறார். உட்கார்ந்தால் முகத்துக்கு மேலே முழங்கால் போகும் பேய்கள். குகையோடு போட்டி போடும் வாய். அதற்குள்ளும் வகை வகையாக நொண்டிப் பேய், கை முடமான பேய், குருட்டுப் பேய், கூன் பேய், குறள் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அது அப்படி ஆன கதை. கொம்பு வைத்த பேய் வெறியில் போருக்கு வருகிறது, நம் பேய் பசியில் வருகிறது. ஒரு படைக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

உருவங்களை பிளெண்டர் மென்பொருளில் நானே வடித்தேன். காசு வாங்காமல் இப்படி ஒரு கருவியை உலகத்துக்குக் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். களிமண்ணைப் பிசைவது போல இழுக்கலாம், அழுத்தலாம், வழிக்கலாம். விற்பனையில் இருக்கும் ஓர் உருவத்தை ஸ்கேன் செய்து படியெடுப்பதும் இந்த இயந்திரத்தில் நடக்கும். அது திருட்டு. சொந்தமாக வடிப்பதில்தான் 'மாற்று' என்ற சொல்லுக்கே பொருள் இருக்கிறது.

இனி இயந்திரத்தின் பெருமை. ரெசின் பிரிண்டருக்கு உயரம் மட்டும்தான் நேரக் கணக்கு. ஒரு படலம் முழுவதும் ஒரே வெளிச்சத்தில் கெட்டியாவதால், தட்டில் ஒரு பேய் நின்றாலும் பத்துப் பேய் நின்றாலும் நேரம் ஒன்றுதான். அச்சாகும்போது உருவத்தைத் தாங்கும் சப்போர்ட் குச்சிகளோடு 45 மில்லிமீட்டர் உயரம், படலம் 0.05 மில்லிமீட்டர், ஆக 900 படலம். என் இயந்திரத்தில் இரண்டேகால் மணி நேரம். வேலைக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஒரு படைப்பிரிவு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விலா எலும்பு, நரம்பு, குதிகால் வெடிப்பு எல்லாம் வந்திருந்தது. இருபது வருடமாக மைக்ரான் கணக்கில் வேலை செய்தவன், முதல் உருவத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

பிறகு கைகள் முறியத் தொடங்கின.

முதலில் வடிவத்தைச் சந்தேகப்பட்டேன். மணிக்கட்டு 0.7 மில்லிமீட்டர் இருந்தது. 1.1 ஆக்கினேன். முறிவு குறைந்தது, நிற்கவில்லை. அதற்கு மேல் தடிமன் ஏற்றினால் பேய் போய், சாப்பாட்டுக்குக் குறையில்லாத ஆள் வந்துவிடுகிறான். அடுத்து ஒளி நேரத்தைச் சந்தேகப்பட்டுக் கால் கால் விநாடியாக மாற்றிப் பார்த்தேன். பிறகு ஐ.பி.ஏ. என்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவும் நேரம். மறந்துபோய் ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்ட உருவங்கள் வலுவிழந்து போயின, அது உண்மை. சில நிமிடத்தில் கழுவி எடுத்தவையும் முறிந்தன. கடைசியாக ரெசினை மாற்றினேன், கிலோ 2,000 ரூபாய். அதுவும் 'டிக்'.

ஐந்தாவது வாரம் டூல் ரூம் வழிக்கு வந்தேன். பேயை விட்டுவிட்டு, ஒரு மில்லிமீட்டர் தடிமனில் தீக்குச்சி போன்ற சோதனைக் குச்சிகளை அச்சடித்தேன். ஒரே ரெசின், ஒரே அமைப்பு, ஒரே கழுவல். வெயிலில் காயவைத்ததில் மட்டும் வித்தியாசம் வைத்தேன்.

அச்சிலிருந்து வரும் உருவம் பாதி வெந்த சோறு மாதிரி. ஊதா ஒளியில் இன்னும் கொஞ்சம் காட்டினால்தான் முழுக்கக் கெட்டியாகும். அதற்கென்று சுழலும் தட்டோடு ஒரு விளக்குப் பெட்டி விற்கிறார்கள். நம் ஊர் வெயில் இருக்க அது எதற்கு என்று வாங்கவில்லை. நான் மொட்டை மாடியில் காயவைத்தேன், அதுவும் பன்னிரண்டு மணிக்கு. "மொளகா காயவெக்கிற எடத்துல பேயக் காயவெக்கிறியேடா" என்று அம்மா மட்டும் வருத்தப்பட்டார்.

காலை ஏழரை மணி வெயிலில் பக்கத்துக்குப் பத்து நிமிடம் வைத்த குச்சி, விரலால் வளைத்தபோது வில்லாக வளைந்து திரும்பியது. பன்னிரண்டு மணிக்கு நாற்பது நிமிடம் கிடந்த குச்சி மஞ்சள் பாய்ந்து, வளைக்கத் தொடங்கியதுமே தெறித்தது. ஒளி படப்பட ரெசினின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போகின்றன. பின்னல் அளவுக்கு மீறினால் நெளிய இடமில்லை. ஹார்டனிங் மட்டும் செய்து டெம்பரிங் விட்ட டை, முதல் அடியிலேயே சில்லு தெறிக்குமே, அதே கதை. தினமும் கையில் பார்ப்பதை மாடியில் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

அதன் பிறகு என் முறை மாறியது. அச்சானதும் சில நிமிடம் கழுவல். உலர்ந்ததும் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் சப்போர்ட் குச்சிகள் தோல் உரிவது போலக் கழன்றுவிடும், வெயில் காட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு காலை வெயில், பக்கத்துக்குப் பத்து நிமிடம், பிறகு உள்ளே. வளையும் தன்மையுள்ள ரெசினை ஐந்தில் ஒரு பங்கு கலந்தேன். கடைசி இரண்டு வாரத்தில் ஒரு கைகூட போகவில்லை.

முன்பு முறிந்தவற்றை எறியவில்லை. கை போனவை, கால் போனவை என்று ஒரு டப்பா நிறைய இருந்தன. பரணியைத் திறந்து வைத்துக்கொண்டு, முறிந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்து, தழும்பு வரைந்து, நொண்டிப் பேயும் கை முடப் பேயுமாகத் தனிப் பிரிவு ஒன்று கட்டினேன். எங்கள் கூட்டத்தில் இளையவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, மத்ததெல்லாம் பொம்மை. இதுங்கதாண்ணா சண்டை பாத்ததுங்க" என்றான்.

எரிச்சல்களும் உண்டு. நாற்றம் முதல் எரிச்சல். ஜன்னல் இல்லாத அறையில் இதை வைக்கவே கூடாது. பச்சை ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், ஒரு முறை வந்தால் விடாது, நைட்ரைல் கையுறை இல்லாமல் தொட்டியைத் தொடாதீர்கள். ஐ.பி.ஏ. சீக்கிரம் தீப்பிடிக்கும், சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கரண்ட் போனால் என் இயந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடராது, ஆகவே இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரெசின்தான் வீணாகும். படலம் பிரிக்கும் மென்பொருள் ஒன்று ஒவ்வொரு முறையும் கணக்கில் உள்நுழையச் சொல்லி, விளம்பரம் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்கு முன்னால் நான் ஏன் விளம்பரம் பார்க்க வேண்டும்?

விலையைச் சொல்லிவிடுகிறேன். கையுறை, ஐ.பி.ஏ., வீணானவை எல்லாம் சேர்த்து ஒரு காலாட்பேய்க்கு எனக்கு இருபது ரூபாய்க்குள் முடிந்தது. இயந்திரத்தின் விலை தனி. பத்துப் பதினைந்து உருவம் போதும் என்பவர்கள் வாங்கியே ஆடுங்கள், இந்தப் பாடு தேவையில்லை. முழுப் படை வேண்டும், அதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லாத படை வேண்டும் என்றால் வாங்கலாம். நான் திருப்தியாக இருக்கிறேன்.

வாங்குகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கழுவிய ஐ.பி.ஏ.வையும், தண்ணீரில் கழுவும் ரெசின் என்றால் அந்தத் தண்ணீரையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தொழிற்பேட்டை ஓரத்தில் வாழ்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. கண்ணாடிச் சாடியில் சேர்த்து வெயிலில் வையுங்கள். கரைந்த ரெசின் அடியில் கெட்டியாகிவிடும். வடிகட்டினால் ஐ.பி.ஏ. மறுபடி கழுவ உதவும், கெட்டியான வண்டலைத் தனியே கட்டி அப்புறப்படுத்தலாம். பன்னிரண்டு மணி வெயிலை அதற்குப் பயன்படுத்துங்கள்.