எர்த் பின்னை வெட்டினால் இசை இனிக்குமா?

ஹை-ஃபை ஆர்வலர்கள் 'ட்வீக்' என்று சொல்லும் கைவைத்தியங்களைப் பற்றிச் சில வாரங்களாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். கேபிளுக்கு அடியில் மரக்கட்டை, சிடி விளிம்பில் பச்சை மை, தடித்த பவர் கார்டு. பச்சை மை சமாச்சாரத்தைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம், யாருக்கும் ஷாக் அடிக்காது. எல்லாக் கைவைத்தியமும் அப்படி இல்லை.

இந்தக் குறிப்புகளில் எனக்குள்ள முதல் குறை: பெரும்பாலும் கார்ப்பெட்டும் மரத்தரையும் உள்ள வீட்டை மனசில் வைத்து எழுதியவை. புதுச்சேரியின் பழைய வீடு வேறு ரகம். மெட்ராஸ் டெரஸ் கூரை, வழவழ சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்ட் தரை, எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரம் உள்ள ஒரு வெற்று அறையை, 1890களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். பரப்புகள் 3 சதவீத ஒலியை உறிஞ்சுவதாக வைத்தால், முழக்கம் அடங்க ஏறத்தாழ 4 நொடி! சபைன் தன் சோதனைக்குப் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத்தான் தூக்கி வந்தார். நாமும் இலவம்பஞ்சு மெத்தை, கனத்த திரை, புத்தக அலமாரி என்று 10 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சலைச் சேர்த்தால் அது 1 நொடி பக்கம் இறங்கிவிடும். (கோரைப்பாய் போதாது, ரொம்ப மெல்லிசு.) ஒப்பிட்டால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 5 மீட்டர் இழுத்தால், போக வர மொத்த மின்தடை சுமார் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றரை சதவீதம்.

"ஆனா கேபிள் மாத்தினதும் நிஜமாவே தெளிவாச்சே" என்பார்கள். ஆகியிருக்கலாம். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறும். பழைய கேபிளைப் பிடுங்கிப் புதுசைச் செருகும்போது அந்தக் களிம்பு தேய்ந்துபோகிறது. பேர் மட்டும் கேபிளுக்கு. அதே பழைய கேபிளை நாலு தடவை கழற்றிச் செருகிப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

இப்போது என் உண்மையான கோபம். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். இரைச்சல் நிற்கும், அதுதான் ஆபத்து. உள்ளே இன்சுலேஷன் பழுதாகி உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறினால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் பெட்டி சும்மா காத்திருக்கும், சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஒருவர் வந்து தொடும்வரை. சிக்னல் கேபிளின் உறை வழியாக அந்த மின்சாரம் டர்ன்டேபிள் வரைக்கும் போகலாம்.

பழைய வீடுகளில் இன்னொரு வில்லங்கம்: சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. சிலர் நியூட்ரலையே எர்த் முனையோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக்க மின்சாரம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

இரைச்சலுக்கு வழி வேறு. டிவி கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், தெருவிலிருந்து வரும் அந்தக் கேபிள் ஒரு எர்த்தையும் உங்கள் பிளக் இன்னொன்றையும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கேபிளில் ஒரு ஐசொலேட்டரைப் போட்டால் முடிந்தது. அதற்கும் அடங்காவிட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே எர்த் உள்ள பலகையில் செருகிப் பாருங்கள். பின் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.