பட்டாளத்தின் பாவாடை

முழங்கால் தெரியப் பாவாடை கட்டிப் பைக்குழல் ஊதிச் செல்லும் ஸ்காட்லாந்துப் பட்டாளத்தைப் படத்திற் கண்டு நகையாத நம்மவர் சிலரே. இங்கிலீஷ்ப் பள்ளிக்கூடத்தில் பயின்ற நாமோ நகைக்கவில்லை. ‘கில்ட்’ என்னும் அவ்வுடை மிகத் தொன்மையானது, மலைநாட்டு வீரக் குடியினர்க்கே உரியது என்று கற்பிக்கப்பட்டோம், நம்பினோம். நகைத்தவரும் ஆராயவில்லை; நம்பியவரும் ஆராயவில்லை. ஆராய்ந்தவர் ஒருவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆக்ஸ்போர்டில் சரித்திரப் பேராசிரியராயிருந்த ஹியூ ட்ரெவர்-ரோப்பர் என்பவர், 1983-இல் எரிக் ஹாப்ஸ்பாம், டெரன்ஸ் ரேஞ்சர் ஆகிய இருவரும் தொகுத்து வெளியிட்ட, ‘மரபுகளின் புனைவு’ என்று தமிழிற் கூறத்தக்க நூலில் ஒரு கட்டுரை வரைந்தார். பண்டை மலைநாட்டார் உடுத்தது, தோளையும் இடையையும் ஒருங்கே சுற்றி வார்க்கச்சையால் இறுக்கிய நீண்ட கம்பளிப் போர்வையே என்கிறார் அவர். அதன் மேற்பாதியை நீக்கி, மடிப்புத் தைத்த குட்டைப் பாவாடையாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்ற இங்கிலீஷ்க்காரராம். அவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டில் இரும்பு உலை நடத்தியவர். நீண்ட போர்வை வேலையாட்களுக்கு இடைஞ்சலாயிருந்தமையால் இம்மாற்றம் நேர்ந்ததாம். பழமையின் சின்னமென்று போற்றப்பட்டது, ஒரு முதலாளி தம் தொழிலாளருக்குக் கண்ட வேலையுடையே என்பது இதனாற் பெறப்படும்.

ராலின்சனுக்கு முன்பே குட்டைக் கில்ட் இருந்ததென வாதிப்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு தீரினும், பழமை என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் தலைவணங்காமல் ஆண்டைக் கேட்கும் துணிவை இக்கட்டுரை நமக்குக் கற்பிக்கிறது. அதற்காக நாம் ஆசிரியருக்கு நன்றியுடையோம்.

ஆயினும் ஒரு குறையுண்டு. உடையை ஆக்கியவர் யார் என்பதில் ஆசிரியர் காட்டும் ஊக்கத்தை, அதை உடுக்க விட்டவர் யார், எதற்காக விட்டனர் என்பதில் அவர் காட்டவில்லை. பட்டாளங்களைப் பற்றி எழுதாமலில்லை; எழுதிவிட்டு விரைந்து சென்றுவிடுகிறார். செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கோ, கொடுத்தவன் யார், பெற்றவன் யார் என்பதே முதற்கேள்வியாகத் தோன்றுகிறது.

1746 ஏப்ரல் 16-இல் கல்லோடன் போர்க்களத்தில் மலைநாட்டுக் கலகக்காரர் தோற்றனர். அவ்வாண்டே ஒரு சட்டம் பிறந்தது. மலைநாட்டு உடையை எந்த ஆணும் சிறுவனும் அணியலாகாது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை. இரண்டாங் குற்றத்திற்குக் கடல்கடந்த ‘பிளாண்டேஷன்’களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அக்காலத்தில் அச்சொல் குடியேற்ற நாட்டைக் குறித்தது. எனினும் தோட்டத்தில் வாழும் நாம் அதைப் படித்து ஒரு கணம் நின்றோம். இச்சட்டத்திலிருந்து ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் அரசரின் பட்டாளத்தில் ஊழியம் செய்தவர்கள்! 1782-இல் சட்டம் நீக்கப்படும்வரை, உழவன் உடுத்தாற் சிறை. அவன் தம்பி துப்பாக்கி ஏந்தி அதே துணியை உடுத்தால் மரியாதை.

துணியின் கட்டங்களும் இக்கதையையே சொல்கின்றன. 1739-இல் பட்டாளமாக அமைந்த ‘பிளாக் வாட்ச்’ உடுத்த கரும்பச்சையும் நீலமுமான கட்டத்துணிக்குச் சர்க்கார் டார்ட்டன் என்றே பெயர். அதில் மஞ்சட்கோடு சேர்த்தது கார்டன் பட்டாளம். வெள்ளையும் சிவப்பும் சேர்த்தது ஸீஃபோர்த் பட்டாளம். பின்னர் அவையே கார்டன், மெக்கென்ஸி குலங்களின் துணிகள் எனப் பெயர்பெற்றன. சர்க்கார் நெய்வித்த துணி குலச்சொத்தாயிற்று.

துணியைக் கொடுத்த கையே அதைப் பறிக்கவும் செய்தது. 1809-இல், பிற பகுதியினர் சேரத் தயங்குகிறார்கள் என்று காரணங்காட்டி, ஆறு பட்டாளங்களிடமிருந்து கில்ட் நீக்கப்பட்டது. அப்போது பழமையின் பெருமை எங்கே போயிற்று? ஆள்சேர்க்க உதவியவரையில் மரபு. உதவாதபோது வெறுந் துணி.

ஸதர்லாந்துச் சீமையின் கதை இன்னும் கொடிது. 1799-இல் அங்குள்ள குடியானவரின் புதல்வரைக் கொண்டு 93-ஆம் பட்டாளம் எழுப்பப்பட்டது. அதே சீமையில் 1814-இலும் 1819-இலும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்குக் குடிகள் ஆட்டுப் பண்ணைகளுக்காகத் துரத்தப்பட்டனர், வீடுகள் கொளுத்தப்பட்டன. 1854-இல் பாலக்லாவாவில் அப்பட்டாளம் குதிரைப்படையை எதிர்த்து நின்ற வீரத்தை எங்கள் பாடப்புத்தகம் புகழ்ந்தது; எரிந்த வீடுகளைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் உடையை மட்டும் புகழ்ந்து கொடுத்தார்கள்.

இங்ஙனம் கூறுவதால் அவ்வுடையைப் பேணிய சிப்பாய்களை நாம் இகழ்ந்தோமல்லோம். அலன் காமரன் என்ற சேனாதிபதி, கில்ட்டை மாற்றலாமா என்று மேலிடம் 1804-இல் வினவியபோது, காற்றோட்டம் முதலான அதன் நன்மைகளை எடுத்துக்காட்டிச் சினந்தெழுதினார். பயனைக் கொண்டு வாதிட்டது பாராட்டத்தக்கது. ஆனால் அதே பயன் என்னும் அளவுகோல் முதல் உலகப்போரில் எதிர்த்தீர்ப்பு அளித்தது. பதுங்குகுழிச் சேற்றில் நனைந்த கம்பளி பளுவாயிற்று. மடிப்புகளில் பேன் குடியேறியது. நச்சுவாயு வெறுந்தொடைகளைச் சுட்டது. இரண்டாம் போரின் தொடக்கத்தில், 1939-இல், களத்தில் கில்ட் வேண்டாவென உத்தரவாயிற்று.

அதனால் வீரம் குறைந்ததா? மலாயாவே சாட்சி. 1942 ஜனவரியில் ஸ்லிம் ரிவரில் சிதறுண்ட ஆர்கைல் பட்டாளத்தார் காக்கி அரைக்காற்சட்டையே அணிந்து போரிட்டனர். அம்மாதம் 31-ஆம் தேதி, எஞ்சிய பைக்குழலர் ஊதிவர, ஜொகூர்ப் பாலத்தைக் கடைசியாகக் கடந்தவர்களும் அவர்களே. அன்று அவர்கள் இடையில் பாவாடையில்லை. பட்டாளம் பட்டாளமாகவே இருந்தது.

2006-இல் ஸ்காட்லாந்துக் காலாட்பட்டாளங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. இன்று அவர்கள் சடங்குநாட்களில் அணியும் கில்ட்டு, மீண்டும் அச்சர்க்கார் டார்ட்டனே. இஃது ட்ரெவர்-ரோப்பரின் கட்டுரைக்கு நாம் சேர்க்க விழையும் கடைசி அடி. ஒரு வழக்கம் புதியதென்று காட்டிவிடுவது ஆராய்ச்சியிற் பாதி. நம் வழக்கத்தை ஒருவர் வந்து புகழும்போது, புகழ்பவர் கையில் நம்முடைய எது இருக்கிறது என்று பார்ப்பது மறுபாதி. அன்பர்கள் அவ்விரண்டாம் பாதியை மறவாதிருப்பார்களாக.