ஆளா, ஆவியா? தமிழ் மர்ம நாவலின் வழிகளும் தரமும்

மறைமலையடிகள் என்றால் தனித்தமிழும் சைவமும் நினைவுக்கு வரும். ரெயினால்ட்ஸ் நினைவுக்கு வரமாட்டார். ஆனால் அடிகளின் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி', ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் 'லைலா'வைத் தழுவியது. லண்டனில் 1844 முதல் வாரம் ஒரு பென்னிக்கு 'லண்டன் மர்மங்கள்' விற்றுப் பேர்வாங்கியவர் ரெயினால்ட்ஸ். பின்னாளில் அவருடைய ஊரே அவரை மறந்து டிக்கன்ஸைக் கொண்டாடியது. சென்னையும் கும்பகோணமும் மறக்கவில்லை. நிலவறை, மாறுவேடம், திருடப்பட்ட உயில், கடத்தப்பட்ட கற்புக்கரசி என்று தமிழ் மர்ம நாவலின் முதல் சரக்கில் பாதி அவர் கடையிலிருந்து வந்தது. பெரும் பண்டிதரே தொட்ட கடையில் மற்றவர்கள் கூச்சப்படுவார்களா?

அந்தத் தழுவல்களுக்கும் முந்திய ஒரு வேர் இந்த மண்ணிலேயே உண்டு. பண்டித ச.ம. நடேச சாஸ்திரி 1894-இல் 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனை நாயகனாக வைத்து எழுதியதையே தமிழின் முதல் துப்பறியும் கதையாகச் சொல்வது வழக்கம். இதே சாஸ்திரிதான் ஊர் ஊராக வழங்கிய நாட்டார் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டவரும். ராட்சசனும் பூதமும் ஒரு கையில், போலீஸ்காரர் மறு கையில். இந்த மரபு நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அப்போதே பிறந்துவிட்டது: இருட்டில் நடமாடுவது ஆளா, ஆவியா? எந்த மர்ம நாவலையும் இந்தக் கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்பதை வைத்து எடைபோட்டுவிடலாம்.

முதல் தலைமுறையின் பதில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆள்தான். அதிலும் பெரும்பாலும் சொந்தக்கார ஆள். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதினார்கள். ஆரணியார் 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியர். 'இரத்தினபுரி இரகசியம்' போன்ற பல பாக நாவல்களை அசராமல் எழுதியவர். ரங்கராஜு எழுதியது குறைவு, விற்றது அதிகம். அவருடைய துப்பறியும் கோவிந்தன் 'இராஜாம்பாள்' (1908) காலத்திலேயே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். ரங்கராஜுவுக்குக் கொலை ஒரு சாக்கு. 'சந்திரகாந்தா'வில் மடாதிபதிகளின் லீலைகளைப் போட்டு உடைப்பதில்தான் அவருக்கு அக்கறை. அந்த நாவல்கள் 1930-களில் திரைக்கும் போயின.

மூவரில் இன்றும் படிக்கத் தக்கவர் வடுவூராரே. 'மேனகா'வில் கொடுமை செய்பவர்கள் கணவன் வீட்டு நாத்தனார்கள். பணத்துக்காக உடன்பிறந்தவன் மனைவியை விற்கத் துணிபவர்கள். பழைய பிராமணக் குடும்பத்தின் சமையலறைப் பேச்சை அவர் எழுதியிருக்கும் விதத்தில் இருக்கும் திகில், பின்னால் வரும் கடத்தல் காட்சிகளில் இல்லை. 1935-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் அதைப் படமாக்கினார்கள், என்.எஸ். கிருஷ்ணன் அதில் நடித்தார். இன்னொரு நாவலான 'திகம்பர சாமியார்' 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமானபோது, வேடத்துக்கு மேல் வேடம் மாற்றும் துப்பறியும் நாயகனாக வந்தவர் எம்.என். நம்பியார். ஐயங்காருக்கு வேறு பித்தும் இருந்தது: தம் சமூகத்தின் பூர்வீகம் எகிப்து என்று நிறுவ ஆங்கிலத்தில் ஒரு தடித்த நூலே எழுதினார். மர்ம நாவலாசிரியருக்கு எதிலும் ஒரு மர்மம் தெரியத்தானே செய்யும்!

குறை சொல்லவேண்டுமென்றால், மூவரிடமும் துப்பு என்பது வாசகனுக்குச் சொல்லப்படுவதில்லை. கடைசியில் துப்பறிபவர் கூட்டத்தைக் கூட்டி, தாம் மட்டும் பார்த்த தடயங்களைப் பக்கம் பக்கமாக விளக்குவார். வாசகன் வாயைப் பிளந்து கேட்கலாம். போட்டி போட முடியாது. 'துப்பு முன்பே என் கண்ணில் பட்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை' என்று வாசகன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்ற நியாயம் தமிழுக்கு வர இன்னும் வெகுகாலம் பிடித்தது.

'மணிக்கொடி' இதழைச் சுற்றி எழுதிய இலக்கியக்காரர்களுக்கு இந்தத் தழுவல் சரக்கு ஆகாது. ஆனால் தமிழின் மிக நல்ல திகில் கதையை எழுதியவர் அவர்களில் ஒருவர்தான். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) ஒரு சிறுகதை. நாவல் பற்றிய கட்டுரையில் அதற்கு இடமில்லை என்று ஒதுக்கினால் அளவுகோலையே ஒதுக்கியதாகும். ஓர் எழுத்தாளன் வீட்டில் பிச்சைக்காரி ஒருத்தி வேலைக்குச் சேர்கிறாள். இரவில் எங்கிருந்தோ வாசனை வருகிறது. அவ்வளவே சம்பவம். கதை முடிந்த பிறகும் நடந்தது கனவா, பிரமையா, உண்மையா என்று ஆசிரியர் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாதபடி ஒவ்வொரு வரியும் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆளா, ஆவியா என்ற கேள்வியை முடிச்சுப் போட்டு வாசகன் கையிலேயே கொடுத்துவிட முடியும் என்று காட்டிய கதை அது. நாவலாசிரியர்கள் யாரும் அப்போது அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஆனந்த விகடனில் தேவன், துப்பறியும் வீரனையே கேலிப் பொருளாக்கினார். நாற்பதுகளில் வந்த அவருடைய சாம்பு, உளறுவதும் தடுக்கி விழுவதும் குற்றவாளியின் மேலேயே போய் முடிகிற அதிர்ஷ்டக்காரன். அதே தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' நீதிமன்றக் கூண்டையும் ஜூரிகளையும் வைத்து எழுதிய நிதானமான நாவல். சாம்புவின் புகழில் அது அமுங்கிப்போனது நியாயமில்லை. 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் எதிர்த் திசையில் போனார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரே ஒரு மர்மக் கதாபாத்திரம் மாதிரி உலவினார். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லால் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டால் எந்தச் சிக்கலும் அவிழும். வழக்குகள் பெர்லின் வரை போகும். பாத்திரங்கள் பேசும் நல்ல தமிழுக்காகவே பள்ளிப் பிள்ளைகள் கையில் பெற்றோர் அந்தப் புத்தகங்களை அனுமதித்தார்கள். பயம் என்று பார்த்தால் தமிழ்வாணனிடம் கிடையாது. சங்கர்லால் இருக்கும்போது யாருக்கு என்ன பயம்?

ஆவியின் பக்கம் துணிந்து நின்றவர் ஜாவர் சீதாராமன். பாட்டே இல்லாமல் 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்துக்கு எழுதியவரும், அதில் துப்பறியும் அதிகாரியாக வந்தவரும் அவரே. 'பட்டணத்தில் பூதம்' படத்தில் ஜீபூம்பா என்ற பூதமும் அவரே. பத்திரிகைத் தொடராக அவர் எழுதிய 'உடல் பொருள் ஆனந்தி' முற்பிறவியையும் மன வசியத்தையும் பின்னிய கதை. படித்த தலைமுறை அதை இன்னும் விடாமல் பேசுகிறது. கதையின் தர்க்கம் பல இடங்களில் தள்ளாடும். ஆனால் வாரம் ஒரு அத்தியாயம் என்று காத்திருந்து படிக்கும்போது தர்க்கத்தை யார் சரிபார்த்தார்கள்? தொடர்கதை என்ற வடிவமே அந்த வகைத் திகிலுக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்தது. அந்த ஏழு நாளில் வாசகனின் கற்பனை செய்த வேலையில் ஆசிரியருக்கும் பங்கு கிடைத்தது.

பிறகு சுஜாதா. குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் (ரா.கி.) இருந்ததால் எஸ். ரங்கராஜன் மனைவி பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். 1968-இல் 'நைலான் கயிறு' வந்தபோது தமிழ் மர்ம நாவலின் வாக்கியமே மாறியது. பம்பாயில் ஒரு கொலை. விசாரணையை நாடகமாக்காமல், நாலு வார்த்தையில் ஒரு ஆளைக் கண்முன் நிறுத்திவிட்டு நகரும் எழுத்து. அதில் தலைகாட்டிய வக்கீல் கணேஷுக்குப் பின்னால் வசந்த் வந்து சேர்ந்தான். ஒருவர் மூளை, மற்றவர் குறும்பு என்று அந்தக் கூட்டணி தமிழ் நாட்டின் எல்லா மக்களுக்கும் சொந்தமானது.

சுஜாதாவின் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படிப்பது நல்ல பயிற்சி. 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த இளைஞன் கிராமத்து ஜமீன் மாளிகையில் தங்குகிறான். இரவில் சத்தம், உருவம். எல்லாம் ஆள் வேலை. அதற்குப் பண ஆசைதான் காரணம். விளக்கம் சரியாக இருக்கிறது. ஆனால் விளக்கம் வந்ததும் மாளிகை சுருங்கிப்போகிறது. நாவலின் உயிர் மர்மத்தில் இல்லை, வெள்ளி என்ற கிராமத்துப் பெண்ணிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

குமுதத்தில் வந்த 'கொலையுதிர் கால'த்தில் அவர் கேள்வியையே கதையாக்கினார். வாரிசுப் பெண் ஒருத்தி, பெரிய எஸ்டேட் வீடு, மறைந்துபோன பெண்ணின் உருவம். கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கிறான். வசந்த் பேயின் பக்கம் சாய்கிறான். ஹோலோகிராஃபி என்ற தொழில்நுட்பத்துக்காக டென்னிஸ் கேபர் 1971-இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் அறிமுகமானது பெரும்பாலும் இந்தத் தொடரால். ஒளியால் ஒரு உருவத்தைக் காற்றில் நிறுத்தலாம் என்ற விளக்கம் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா என்றால், இல்லை. ஒரு சின்ன இடைவெளியை ஆசிரியர் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். வளர்த்த பயத்தின் அளவுக்கு விளக்கமும் பெரிதாக இருக்கவேண்டும் என்பது இந்தத் துறையில் மிகக் கடினமான விதி. தமிழ் நாவலில் அதை முழுசாக நிறைவேற்றியது இந்த ஒன்றுதான் என்று துணிந்து சொல்லலாம்.

எண்பதுகளில் கதை வாரப் பத்திரிகையிலிருந்து பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைக்கு இடம் மாறியது. மாதம் ஒரு முழு நாவல், சாணித்தாள், அட்டையில் துப்பாக்கியும் கண்ணீரும். கோவையின் ராஜேஷ்குமார் இந்த வடிவத்துக்காகவே பிறந்தவர். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல்கள். அவருடைய முத்திரை இரட்டைத் தடம்: சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடும், கடைசிக்குச் சற்று முன் ஒரு புள்ளியில் மோதும். ஊர் பஸ் ஏறும்போது திறந்தால் இறங்கும்போது முடியவேண்டும் என்ற கணக்கு அது. மருத்துவ ஆராய்ச்சி, தடயவியல் என்று புதுச் செய்திகளையும் நடுநடுவே செருகுவார். எண்ணிக்கையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அந்த இரட்டைத் தடத்தை ஒரு தடவை சொந்தமாகப் போட்டுப் பார்க்கட்டும்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா என்ற துப்பறியும் ஜோடி நகைச்சுவைக்கு. சுசீலாவின் பனியன் வாசகங்களுக்கென்றே தனி ரசிகர்கள் இருந்தார்கள். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவரின் கூட்டான சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி வேகத்துக்கு. காட்சி காட்சியாக வெட்டி எழுதும் அந்தப் பழக்கம் அவர்களைக் கே.வி. ஆனந்தின் 'அயன்', 'கோ' படங்களுக்குக் கொண்டுபோனது. புஷ்பா தங்கதுரை என்று அட்டையில் பார்த்ததும் வீட்டில் மறைத்து வைத்தவர்களுக்கு, அதே கை ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் 'திருவரங்கன் உலா' எழுதியது தெரிந்தால் திகைப்பு வரும். இந்த எழுத்துக்கு மரியாதை வெளியிலிருந்து வந்தது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்த்த, இத்தகைய கதைகளின் ஆங்கிலத் தொகுதியை வெளியிட்ட பிறகுதான் பலர் பழைய சாணித்தாளைத் தூசி தட்டினார்கள்.

மாத நாவலில் ஆவிக்கு இடம் குறைவாகவே இருந்தது. அந்தக் குறையைக் கொஞ்ச காலம் தெலுங்கு தீர்த்தது. எண்டமூரி வீரேந்திரநாத்தின் 'துளசிதளம்' தமிழில் வந்து தூக்கத்தைக் கெடுத்தது. தமிழிலேயே அந்த இடத்தைப் பிடித்தவர் மதுரை இந்திரா சௌந்தர்ராஜன். அவருக்குப் பாழடைந்த பங்களா தேவையில்லை. காவல் தெய்வத்தின் சந்நிதி, சித்தர் குகை, நாடி ஜோதிடம், நவபாஷாணம் என்று தமிழன் பகலில் கும்பிட்டு இரவில் அஞ்சும் இடங்களையே களமாக எடுத்தார். 'விட்டுவிடு கருப்பா'வில் தப்பு செய்தவர்களை ஊர்க் கருப்பு தண்டிக்கிறது. மனநோய் என்று ஒரு விளக்கமும் வருகிறது. மருத்துவர் சொன்னதை நம்புகிறவர்களும் கருப்பை நம்புகிறவர்களும் ஒரே நாவலைச் சண்டை இல்லாமல் படிக்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் நாகா இயக்கத்தில் 'மர்மதேசம்' தொடராக அவருடைய கதைகள் சன் தொலைக்காட்சியில் வந்தபோது, தெருவே ஒரே நேரத்தில் பயந்தது.

அவருடைய பலவீனமும் அங்கேதான். ஆளா, ஆவியா என்று கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுவார். சில நாவல்களில் அது நயம், பலவற்றில் நழுவல். 2024 நவம்பரில் அவர் மறைந்த பிறகு, கோயில் மதிலுக்குள் திகிலை வைத்து எழுதுகிறவர்கள் நிறைய வந்திருக்கிறார்கள். சித்தர் வருகிறார், சுவடி கிடைக்கிறது, பௌர்ணமி நெருங்குகிறது. கருப்பைக் கண்டு நடுங்கும் அந்த ஊர் மட்டும் வருவதில்லை. அதற்கு வடுவூராரின் நாத்தனார்களைப் போல, பேசவிட்டாலே பயமாக இருக்கும் மனிதர்கள் வேண்டும்.