ஜொகூர் ஆற்றுக் கண்ணாடி மணிகள்: செய்தவர் யார், காலம் எது?

பத்து பாகாட் தமிழாசிரியர்களிடையே நாம் உரையாற்ற நேர்ந்த ஒரு நாளில், ஆசிரியர் ஒருவர் சிறு பெட்டியொன்றைத் திறந்து காட்டினார். உள்ளே நூலில் கோத்த கண்ணாடி மணிகள் இருந்தன. செங்கல் நிறத்தன சில, நீலம் சில, மங்கிய பச்சை சில. கோத்தா திங்கிப் பக்கத்தில் விலைக்கு வாங்கியவை என்றும், விற்றவர் அவற்றை ‘உரோமானிய மணிகள்’ என்று சொன்னதாகவும் கூறினார். "மாணவர்களிடம் இவற்றைத் தமிழர் கொண்டுவந்தவை என்று சொல்லலாமா?" என்பதே அவர் கேட்ட வினா. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து பிறந்ததாகும்.

‘உரோமானிய மணிகள்’ என்னும் வழக்குக்கு ஒரு வரலாறு உண்டு. ஜொகூரில் அரசுப் பணியில் இருந்த ஜெரால்டு கார்ட்னர், 1937ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஆசியாட்டிக் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜொகூர் ஆற்றின் பழைய மணிகள் மலாயாவுக்கும் உரோமப் பேரரசுக்கும் இடையே கடல்வழித் தொடர்பு இருந்ததற்குச் சான்றாகும் என்பது அக்கட்டுரைத் தலைப்பிலேயே அடங்கிய கருத்து. (பிற்காலத்தில் இங்கிலாந்தில் சூனிய வழிபாட்டு இயக்கம் ஒன்றைத் தோற்றுவித்தவராகவே உலகம் இவரை அறியும். கிரிசு, மணி ஆகியவற்றில் அவருக்கிருந்த ஈடுபாட்டை அது குறைத்து மதிப்பிடச் செய்துவிடக் கூடாது.) அவருடைய உழைப்பைப் போற்றுகிறோம், முடிவை ஏற்க இயலவில்லை.

முதற்காரணம் இடம். கண்ணாடி மணி அழியாப் பொருள், சிறியது, நீரோட்டத்தில் எளிதில் இடம்பெயர்வது. ஜொகூர் லாமா 16ஆம் நூற்றாண்டில் ஜொகூர் சுல்தான்களின் தலைநகராக விளங்கி, 1587இல் போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டது. ஐரோப்பிய வணிக மணிகள் உட்பட எக்காலத்து மணியும் இவ்வாற்றங்கரைக்கு வந்திருக்கலாம். மண்ணடுக்கோடு பதிவு செய்யப்படாமல் திரட்டப்பட்ட மணிக்கு, உருவத்தை மட்டும் கொண்டு நூற்றாண்டு குறிப்பது ஊகமேயன்றிச் சான்றாகாது.

இரண்டாவது காரணம் செய்முறை. ஒரு கண்ணாடிப் பொருளைச் செய்தவரை அறிய முதலில் நோக்க வேண்டியது நிறத்தையன்று, கைவினையின் தடத்தையே. ஊதிச் செய்த கலத்தின் அடியில், தாங்கிய கம்பியை ஒடித்தெடுத்த வடு இருக்கும். கம்பியைச் சுற்றி உருகிய கண்ணாடியைச் சுழற்றிச் செய்த மணியில் கோடுகள் துளையைச் சூழ்ந்தோடும். நீண்ட குழாயாக இழுத்து, பின் துண்டித்த மணியிலோ குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக நீளும். கைவில்லை ஒன்று இருந்தால் வகுப்பறையிலேயே இதனைக் காட்டலாம்.

இழுத்துச் செய்யும் முறையை ஆந்திராவின் பாபநாயுடுபேட்டையில் பீட்டர் பிரான்சிசு நேரில் கண்டு பதிவு செய்தார். ‘லாடா’ எனப்படும் நீண்ட இரும்புக் குழலின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, அதனுள் துளை அமையச் செய்து, உலையின் மறுபுறம் கண்ணாடிக் குழாயை இடைவிடாது இழுப்பர். பின் துண்டித்துச் சாம்பலோடு சூடாக்க, கூர்விளிம்புகள் மழுங்கும். அரிக்கமேட்டு மணிகளும் இழுத்துச் செய்தவையே. தென்கிழக்காசியா முழுவதும் பரவிய இவ்வகைக்கு ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று அவர் பெயரிட்டார். செந்நிற மணிக்கு அந்நிறம் தருவது செம்பு.

எனில், உரோமை நீக்கிவிட்டு அரிக்கமேட்டை எழுதிவிடலாமா? நம்மவருள் சிலர் செய்வது இதுவே. கார்ட்னரின் பிழையை வேறொரு பெயரால் தொடர்வது இது என்று சொல்லத் தயங்கவில்லை. இழுத்த மணிகள் இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் ஏயோ, தாய்லாந்தின் குளோங் தோம், பேராக்கின் கோலா செலின்சிங், கெடாவின் சுங்கை மாஸ் ஆகிய இடங்களிலும் செய்யப்பட்டன. தொழில்நுட்பம் தமிழகத்திலிருந்து பரவியிருக்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மணி கோலா செலின்சிங்கில் இழுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அதன் கண்ணாடிக் கட்டி மட்டும் கடல் கடந்து வந்திருக்கவும் கூடும்.

கட்டியின் பிறப்பிடத்தை வேதியியல் ஓரளவு காட்டுகிறது. உரோமானியக் கண்ணாடியில் அலுமினா பொதுவாக இரண்டு, மூன்று விழுக்காட்டளவே. தெற்காசிய மணல்வழிக் கண்ணாடியில் அது பெரும்பாலும் ஐந்து விழுக்காட்டுக்கு மேல். லோர் துசுபியூ முதலியோர் லேசர் கொண்டு நுண்ணளவில் ஆய்ந்து, தெற்காசிய அலுமினாக் கண்ணாடியையே பல பிரிவுகளாக்கியுள்ளனர். யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்த பிரிவு தென்னிந்தியாவோடும் இலங்கையோடும் தொடர்புடையது. யுரேனியம் மிகுந்தது மேற்கிந்தியாவோடு தொடர்புடையதாய்ப் பிற்காலத்திலும் வழங்கியது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு செம்மணிகள் இவ்வகையில் பல நூற்றாண்டு இடைவெளி கொண்டவையாக இருக்கக்கூடும்.

ஆகவே செய்முறை, கண்ணாடியின் மூலம், காலம் ஆகிய மூன்றும் மூன்று தனி வினாக்கள். கார்ட்னர் மூன்றுக்கும் ஒரே விடை தந்தார். தமிழர் தொடர்பை நிறுவ விரும்புவோர் இம்மூன்றையும் பிரித்துக் கேட்டால் இழக்கப் போவது ஒன்றுமில்லை. கோலா செலின்சிங்கில் மலாயா மண்ணிலேயே மணி இழுத்தவர்கள் அக்கலையை யாரிடம் கற்றனர் என்பது, கப்பலில் வந்த சரக்கைக் காட்டிலும் நமக்கு நெருக்கமான வினாவாகும்.

அந்த ஆசிரியரின் மணிகளைக் கைவில்லையால் பார்த்தோம். செம்மணிகளில் கோடுகள் துளைக்கு இணையாகவே ஓடின, இழுத்துச் செய்தவை. நீல மணி இரண்டில் கோடுகள் துளையைச் சுற்றி வந்தன. அவை வேறு வகை, வேறு பட்டறை. விற்பவர் ஒரே நூலில் கோத்திருந்தார். எந்தப் படித்துறையில் எது கிடைத்தது என்ற குறிப்பு எதுவுமில்லை. நூலை அவிழ்த்து, இருவகையையும் தனித்தனித் தாளில் மடித்து, வாங்கிய இடத்தையும் நாளையும் எழுதிவைக்குமாறு அவரிடம் கேட்டுக்கொண்டோம். மாணவர்களிடம் ‘இழுத்துச் செய்த ஆசிய மணி’ என்ற அளவில் சொல்லலாம் என்றோம். அவருக்கு அது சிறிது ஏமாற்றமாக இருந்தது.