பெட்டியில் அச்சிடாத எண்

கைப்பேசிக் கடையின் விளம்பரப் பலகையைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். 5000 மில்லி ஆம்பியர்-மணி, 67 வாட், 50 மெகாபிக்சல் என்று எண்களாகவே இருக்கும். எண்ணைக் கண்டதும் அறிவியல் பேசுகிறது என்று நம்பிவிடுகிறோம். அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. வாங்குபவருக்கு மிகவும் வேண்டிய ஓர் எண் அங்கே இல்லை என்பதுதான் என் குறை.

முதலில் அந்த 5000ஐ எடுத்துக்கொள்வோம். இது மின்னூட்டத்தின் அளவேயன்றி ஆற்றலின் அளவன்று. கைப்பேசி மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். 5 ஆம்பியர்-மணியை அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட்-மணி வருகிறது. 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை நான்கு மணி நேரம் எரிக்கலாம், அவ்வளவே. இந்த ஆற்றல் எத்தனை மணி நேரம் வரும் என்பதைத் திரையின் ஒளியும், உள்ளே உள்ள சில்லும், உங்கள் ஊரின் சிக்னலும் தீர்மானிக்கின்றன. கோபுரம் தொலைவில் இருந்தால் கைப்பேசி உரக்கக் கூவ வேண்டியிருக்கிறது. மின்கலம் விரைவில் காலியாகிறது. ஆகவே, ‘இரண்டு நாள் தாங்கும்’ என்பது ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தலாம். மலையடிவாரக் கிராமத்துக்குப் பொருந்தாது.

அடுத்தது வாட். ‘கால் மணி நேரத்தில் பாதி நிறையும்’ என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எந்தப் பாதி? காலிப் பேருந்தில் முதலில் ஏறுபவருக்கு உடனே இருக்கை கிடைக்கிறது. கடைசியில் ஏறுபவர் இடம் தேடித் தேடி நகர வேண்டும். லித்தியம் அயனிகளும் அப்படியே. கிராபைட் அடுக்குகளுக்குள் அவை முதலில் விரைந்து நுழையும். முக்கால் பங்குக்கு மேல் நிறைந்ததும் மின்னோட்டத்தைக் குறைத்தே ஆகவேண்டும். விளம்பரம் முதற்பாதியை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்கிறது!

இனி, அச்சிடாத எண்ணுக்கு வருவோம். மின்கலம் எத்தனை சுற்றுக்குப் பின் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு இறங்கும்? இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் அது ஒரு சுற்று. 500 சுற்று தாங்கும் மின்கலத்தை நாளுக்கு ஒரு சுற்று பயன்படுத்தினால், ஒன்றரை ஆண்டு நிறையும் முன்பே அது அந்த நிலைக்கு வந்துவிடும். 1000 சுற்று தாங்குவதென்றால் இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பிள்ளையின் படிப்புக்கென ஒரு கைப்பேசி வாங்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளின் முத்திரைத் தாளில் இந்தச் சுற்று எண்ணை அச்சிட வேண்டும். 800 சுற்றுக்குப் பின்னும் 80 விழுக்காடு மிஞ்சவேண்டும் என்பதும் விதி. அங்கே விற்கும் நிறுவனங்களில் பல இங்கும் விற்கின்றன. அங்கே சொல்ல முடிவதை இங்கே சொல்வதற்கு என்ன தடை?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. மின்கலம் நலிந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. கருவியே கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியோர், மின்கலத்தை மட்டும் மாற்றியிருந்தால் போதும். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மாற்றுக் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனாளர்களுக்குத் தெரிவிக்காத குற்றத்துக்காகப் பிரான்சில் 2020இல் 2.5 கோடி யூரோ தண்டம் கட்டியது.

கடைக்காரர்கள் சொல்லும் அறிவுரைகளும் பழையவை. ‘முதல்நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்கள்’, ‘முழுதும் காலியான பிறகே போடுங்கள்’ என்பவையெல்லாம் நிக்கல்-காட்மியம் காலத்தவை. லித்தியம் மின்கலத்துக்கு முழுதும் காலியாவது கேடு. முழுதும் நிறைந்து, சூடாகக் கிடப்பது அதைவிடக் கேடு. உள்ளே எதிர்மின்வாயின்மேல் ஒரு மெல்லிய படலம், வெந்நீர்ப் பானையில் உப்புப் படிவது போலத் தடித்துக்கொண்டே வந்து, லித்தியத்தை விழுங்குகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும். பரவலாக எடுத்துக்காட்டப்படும் அளவீடு ஒன்று: 40 டிகிரி செல்சியஸில் ஓராண்டு முழுதும் நிறைந்தபடி வைத்த மின்கலத்தில் 65 விழுக்காடு கொள்ளளவே மிஞ்சியது, 25 டிகிரியில், 40 விழுக்காடு மட்டும் நிரப்பி வைத்ததில் 96 விழுக்காடு மிஞ்சியது. பல கையேடுகள் 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்தாதீர் என்கின்றன. நம் சித்திரை வெயிலை அவர்கள் அறியார் போலும்! ஸ்கூட்டரின் முன்பெட்டியிலும் தலையணைக்கு அடியிலும் கைப்பேசியை வைக்காதீர்கள். 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை சுற்று? நிறுவனத்தின் சேவை மையத்தில் மின்கலம் மாற்ற எவ்வளவு? இரண்டாவதற்கு விடை பெறாமல் பணம் கொடுக்காதீர்கள். இப்போதைய கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றின் பின்மூடி பசையால் ஒட்டப்பட்டது. பழையவற்றைப் போல நகத்தால் திறக்க முடியாது. மூடி தானாகவே மேலெழும்பினால் உள்ளே மின்கலம் உப்பியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் போடாமல் அணைத்து, சேவை மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.