ஓரப் புள்ளிகளும் உள்காதும்: ஐபோனின் பயணக் குமட்டல் தடுப்பு வசதி குறித்து ஒரு மதிப்பீடு

ஓடும் காரில் கைபேசியைப் பார்க்கும் பயணிக்கு உண்டாகும் குமட்டலையும் தலைசுற்றலையும் குறைப்பதற்கென்று ஆப்பிள் நிறுவனம் 2024 மே மாதத்தில் ஒரு வசதியை அறிவித்து, அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 18 இயங்குதளத்தின் வழியாக அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 'வெஹிக்கிள் மோஷன் கியூஸ்' என்று பெயரிடப்பட்டுள்ள இவ்வசதி, திரையின் ஓரங்களில் சிறு புள்ளிகளைக் காட்டி, வண்டி திரும்புவதையும் விரைவதையும் பிரேக் பிடிப்பதையும் அப்புள்ளிகளின் நகர்வாகக் கண்ணுக்குத் தெரிவிக்கிறது. பார்வைக்கு மிக எளிய ஏற்பாடாகத் தோன்றினாலும், உள்காதின் செயற்பாடு குறித்து நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த அறிவின் மீது இது அமைக்கப்பட்டிருப்பதால், அந்த அறிவைச் சற்று விரிவாகப் பார்த்தாலன்றி, இது எங்கே பலனளிக்கிறது, எங்கே தளர்ந்துபோகிறது என்பதை முறையாக மதிப்பிட இயலாது.

மனித உடலின் சமநிலை உணர்வுக்கு அடிப்படையான உறுப்பு உள்காதில் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் நிறைந்திருக்கும் திரவம், குவளையைச் சட்டெனத் திருப்பும்போது உள்ளே உள்ள நீர் பின்தங்கி நிற்பதுபோல, தலை திரும்பும் கணத்தில் பின்தங்கி நுண்ணிய உணர்மயிர்களை வளைப்பதால், தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்ற செய்தி மூளைக்குச் செல்கிறது. குழல்களுக்கு அருகே, களிப்படலம் ஒன்றின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்த இரு சிறு பைகளும் இருக்கின்றன. செவிக்கற்கள் எனப்படும் இத்துகள்கள் நேர்கோட்டு முடுக்கத்தை, அதாவது வேகம் கூடுவதையும் குறைவதையும், தலையின் சாய்வையும் உணர்த்துகின்றன. சீரான வேகத்தில் நேராகச் செல்லும் வண்டியை இவ்விரண்டு அமைப்புகளாலும் உணர முடியாது. மாற்றம் நிகழும்போது மட்டுமே அவை பேசுகின்றன. நெடுஞ்சாலையில் நிம்மதியாகப் படித்துவரும் ஒருவர், வண்டி நகர நெரிசலுக்குள் நுழைந்து நின்றும் நகர்ந்தும் ஊரத் தொடங்கியதும் அவதிப்படுவதற்குக் காரணம் இதுவே.

கைபேசித் திரையில் கண் பதிந்திருக்கும்போது, எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன என்று பார்வை தெரிவிக்க, உடல் வளைந்தும் தள்ளப்பட்டும் செல்கிறது என்று உள்காது தெரிவிக்கிறது. இந்த முரண்பாட்டையே குமட்டலுக்குக் காரணமாகக் கூறும் புலன் முரண் கோட்பாட்டை ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975இல் வெளியிட்ட நூல் விரிவாக நிறுவியது. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான பூசல் என்று இக்கோட்பாட்டைச் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கமாக இருந்தாலும், அச்சுருக்கம் முழுமையானதன்று. பார்வையற்றவர்களுக்கும் பயணக் குமட்டல் வருகிறது; மாறாக, இரு உள்காதுகளும் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு அது வருவதில்லை. ஆகவே, அப்போது வந்துசேரும் புலச்செய்திகளுக்கும், பழைய அனுபவத்தைக் கொண்டு மூளை எதிர்பார்த்திருந்த செய்திகளுக்கும் இடையே ஏற்படும் வேறுபாடே அடிப்படையானது என்று கொள்ளவேண்டியிருக்கிறது. வண்டி ஓட்டுபவருக்குக் குமட்டல் அரிதாகவே வருவதற்கும் இதுவே விளக்கம்: ஸ்டீயரிங்கைத் திருப்பும் கை அவருடையதாக இருப்பதால், அடுத்த வளைவு எப்போது, எவ்வளவு கூர்மையாக வரப்போகிறது என்பது அவர் உடலுக்கு முன்னதாகவே தெரிந்திருக்கிறது. எதிர்பார்ப்பின் இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டே ஐபோனின் புள்ளிகளை அணுகவேண்டும்.

அமைப்புகளில் அணுகல்வசதிக்கான பிரிவுக்குச் சென்று, அதனுள் அசைவு என்ற உட்பிரிவைத் திறந்தால் இவ்வசதி கிடைக்கும். எப்போதும் இயங்குமாறும், வண்டியில் செல்வதைக் கைபேசியே உணர்ந்து தானாக இயங்குமாறும் அமைத்துக்கொள்ளலாம். விரலால் இழுத்துத் திறக்கும் கட்டுப்பாட்டு மையத்தில் இதற்கான பொத்தானைச் சேர்த்துக்கொள்வது நடைமுறையில் அதிகம் உதவுகிறது. வண்டி வலப்புறம் திரும்பினால் புள்ளிகள் இடப்புறம் ஒதுங்குகின்றன. வேகம் எடுத்தால் திரையின் அடிப்பக்கம் நோக்கியும், பிரேக் பிடித்தால் மேல்நோக்கியும் நகர்கின்றன. வெளியே உள்ள நிலம் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் நகர்வதாகக் கொண்டால் சன்னல் வழியே கண்ணுக்கு என்ன தெரியுமோ அதன் சாரத்தையே இப்புள்ளிகள் வரைந்து காட்டுகின்றன. அவை திரைக்குமேல் மிதந்தாலும் தொடுதலைத் தடுப்பதில்லை, நடுப்பகுதியில் உள்ள எழுத்தை மறைப்பதுமில்லை. முதலில் பார்ப்பவருக்கு அவற்றின் அலைவு கவனத்தை ஈர்ப்பதாகத் தோன்றக்கூடும். ஆனால் படிப்பில் மனம் ஊன்றத் தொடங்கியதும் அவை பின்னணியில் ஒடுங்கிவிடுகின்றன. அவ்வாறு ஒடுங்கிய நிலையிலேயே அவை தம் பணியைச் செய்யவேண்டும் என்பதால், இந்த அடக்கம் வடிவமைப்பின் சிறப்பு என்று உறுதியாகச் சொல்லலாம். பின்னர் 2025இல் வந்த ஐஓஎஸ் 26 பதிப்பு புள்ளிகளின் தோற்றத்தைப் பயனர் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள வழிசெய்தது. அதே ஆண்டில் மேக் கணினிகளுக்கும் இவ்வசதி வந்துசேர்ந்தது.

புள்ளிகளை இயக்கும் செய்தி கைபேசிக்குள் உள்ள உணரிகளிலிருந்து கிடைக்கிறது; இங்கே உள்காதுக்கும் கருவிக்கும் இடையே வியப்பூட்டும் ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. கைபேசியின் முடுக்கமானி, செவிக்கற்களைப் போலவே, வண்டி வேகமெடுப்பதால் வரும் தள்ளலையும், சாய்வதால் ஈர்ப்புவிசை திசைமாறித் தெரிவதையும் தனித்து நின்று பிரித்தறிய இயலாதது. அதனோடு கைரோஸ்கோப், அதாவது சுழற்சியை அளக்கும் உணரி, அரைவட்டக் குழல்களைப் போலத் துணைநின்றால்தான், இது சாய்வு, இது முடுக்கம் என்று பிரிக்க முடிகிறது. ஆகவே கைபேசியை மடியில் படுக்கவைத்தாலும் முகத்துக்கு நேராக உயர்த்தினாலும், கையின் அசைவை ஒதுக்கிவிட்டு வண்டியின் அசைவை மட்டும் எடுத்துக் காட்டவேண்டிய கடினமான கணக்கு இதில் மறைந்திருக்கிறது. சீரான சாலையில் இக்கணக்கு நம்பத்தக்கதாக அமைகிறது. கையை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பவரின் திரையில் புள்ளிகள் பொருளற்று அலைய வாய்ப்புண்டு என்பதால், முழங்கையை இருக்கையின் கைப்பிடியில் ஊன்றிக் கைபேசியை நிலையாகப் பிடிப்பது நல்லது.

முன்பின் அசைவைத் திரையின் மேல்கீழ் நகர்வாகக் காட்டும் ஏற்பாட்டில், சாலையின் மேடுபள்ளத்தால் உண்டாகும் உண்மையான மேல்கீழ் அசைவுக்குத் தனி இடம் இல்லாமல் போகிறது. காரில் இது பெரிய குறையன்று. குமட்டலைத் தூண்டுவதில் ஏறத்தாழ 0.2 ஹெர்ட்ஸ் அலைவெண்ணே, அதாவது ஐந்து விநாடிக்கு ஒருமுறை வந்துபோகும் மெதுவான அசைவே, மிகக் கடுமையானது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குழியில் இறங்கி ஏறும் காரின் குலுக்கல் இதைவிடப் பன்மடங்கு விரைவானது என்பதால் அது எரிச்சலூட்டினாலும் வயிற்றைப் புரட்டுவதில்லை. காரில் மெதுவான அசைவு, திருப்பங்களாலும் பிரேக்காலும் பக்கவாட்டிலும் முன்பின்னுமாக வருகிறது. இவ்விரு திசைகளையும் புள்ளிகள் காட்டுகின்றன. கடலில் படகு அலையோடு எழுந்து தாழும் மேல்கீழ் அசைவோ இந்த ஆபத்தான அலைவெண்ணிலேயே அமைவதால், படகுப் பயணத்தில் இவ்வசதியை நம்பியிருப்பது அறிவுடைமையாகாது.

இதன் உண்மையான வரம்பு திரையின் அளவில் தொடங்குகிறது. ஏறத்தாழ 7 செ.மீ. அகலமுள்ள கைபேசியை 30 செ.மீ. தொலைவில் பிடித்தால், அது பார்வைப் புலத்தில் 13 பாகை அளவே இடம்பிடிக்கும். இரு கண்களாலும் மனிதர் காணும் பக்கவாட்டுப் புலமோ 180 பாகைக்கும் மேற்பட்டது. உடல் நகர்கிறது என்ற உணர்வைத் தருவதில் புறப்பார்வைக்கு, அதாவது நோக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விளிம்புப் பகுதிக்கு, பெரும் பங்கு உண்டு. திரையின் ஓரத்தில் உள்ள புள்ளிகள் நோக்கின் மையத்திலிருந்து பக்கவாட்டில் 7 பாகைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அவை புறப்பார்வையைத் தொடுவதாகவே கருத முடியாது. அப்பெரும் பரப்பை அசையாத முன்னிருக்கையின் முதுகும் கதவின் உட்புறமும் நிரப்பிக்கொண்டு, புள்ளிகள் சொல்லும் செய்தியை மறுத்துக்கொண்டே இருக்கின்றன. கைபேசியைவிட அகன்ற ஐபேடிலும் மேக் கணினியிலும் இக்குறை ஓரளவு தணிகிறது. கைபேசியிலேயே தணிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது: அதை மடியிலிருந்து உயர்த்தி, கண் மட்டத்தில், முன்கண்ணாடி தெரியும் வரிசையில் பிடித்தால், சாலையின் உண்மையான ஓட்டம் திரையைச் சுற்றிக் கண்ணில் படுகிறது. காருக்குள் உள்ள திரையைத் தாழ்வாக வைப்பதைவிட முன்புறம் நோக்கிக் கண் மட்டத்தில் வைத்தால் குமட்டல் குறைகிறது என்று 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருப்பது இதற்கு வலுச்சேர்க்கிறது. குனிந்த தலையோடு வளைவில் சுழல்வதால் அரைவட்டக் குழல்களில் உண்டாகும் குழப்பமும் இதனால் தவிர்கிறது.

இரண்டாவது வரம்பு காலத்தைப் பற்றியது; முதலாவதைவிட ஆழமானது. உணரிகள் அளப்பவை அந்தக் கணத்தில் நிகழ்ந்துவிட்ட முடுக்கத்தை மட்டுமே என்பதால், புள்ளிகள் எவ்வளவு விரைவாக நகர்ந்தாலும் அவை உள்காது ஏற்கெனவே உணர்ந்ததையே திருப்பிச் சொல்கின்றன. ஓட்டுநரைக் காப்பாற்றும் முன்னறிவை அவை தருவதில்லை. சீரான இடைவெளியில், எதிர்பார்க்கத்தக்க முறையில் வரும் அசைவைவிட, அளவில் அதே அசைவு எதிர்பாராமல் வரும்போது குமட்டல் மிகுகிறது என்று சோதனைகள் நிறுவியுள்ளன. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டர்னர், கிரிஃபின் ஆகியோர் 3,200க்கும் மேற்பட்ட பேருந்துப் பயணிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வும், முன்னால் உள்ள சாலையைக் காண முடியாதவர்களே கூடுதலாக அவதிப்பட்டதைக் கண்டறிந்தது. கண்ணுக்கும் காதுக்கும் உள்ள முரணைப் புள்ளிகள் தணிக்கக்கூடும். எதிர்பார்ப்புக்கும் நிகழ்வுக்கும் உள்ள முரணை அவை தொடுவதேயில்லை.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ இந்த நோக்கில் எண்ணிப் பார்த்தால், இவ்வசதியின் எல்லை தெளிவாகும். அத்தகைய பாதையில் வண்டி முழுத் திருப்பம் திரும்பி, உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்து, இடையிடையே எதிரே வரும் பேருந்துக்காக நின்று ஏறும்போது, புள்ளிகள் ஓயாமல் அலைவது உண்மையாயினும், அடுத்த அசைவை அறிய விரும்பும் உடலுக்கு அவற்றால் பயன் சிறிதே. அங்கே கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, முன்னிருக்கைக்கு மாறிச் சாலையை நோக்குவதற்கு இணையான மாற்று எதுவும் இல்லை. சமவெளிச் சாலையில், இலேசாக மட்டுமே குமட்டல் வருபவர், செய்தி ஒன்றைப் படிக்கவோ பதில் எழுதவோ வேண்டியிருக்கும் நேரத்துக்கு இவ்வசதி தக்க துணையாகிறது. நீண்ட வாசிப்புக்கும், தனக்கென ஓர் அசைவைக் கொண்டிருப்பதால் புள்ளிகளோடு போட்டியிடும் காணொளிக்கும் இதை நம்புவது பொருந்தாது.

இதே நோக்கில் தோன்றிய பிற முயற்சிகளோடு ஒப்பிட்டால் இதன் இடம் இன்னும் விளங்கும். பிரான்சின் சித்ரோவென் கார் நிறுவனம் 2018இல் 'சீத்ரோவென்' என்ற கண்ணாடியை 99 யூரோ விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வில்லைகள் இல்லாத நான்கு வளையங்களுக்குள் நீல நிறத் திரவம் ஆடி, முன்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு செயற்கை அடிவானத்தைக் கண்ணுக்கு அருகிலேயே காட்டியது. பார்வைக்கு விநோதமாக இருந்தாலும், புறப்பார்வையை நேரடியாகச் சென்றடைந்த வகையில் அக்கருவி ஐபோனின் புள்ளிகளைவிடக் கோட்பாட்டுக்கு நெருக்கமானது. அதை அணிந்துகொண்டு பொதுப் பேருந்தில் அமர எத்தனை பேர் முன்வருவர் என்பதே அதன் இடையூறு. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு 'கைன்ஸ்டாப்' என்ற செயலி நீண்ட காலமாகக் கிடைக்கிறது; பிற செயலிகளுக்கு மேல் செயற்கை அடிவானத்தை வரைந்து காட்டும் அது, ஐபோன் வைத்திராதவர்கள் முயன்று பார்க்கத்தக்கது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பாதையில் செல்கிறது: 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு நிமிடம் கேட்கச்செய்து உள்காதைத் தூண்டினால் குமட்டல் தணிவதாக அது கூறுகிறது.

தமிழ்நாட்டில் மலைப்பயணத்துக்கு முன் அவோமின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது பரவலான வழக்கம். புரோமெதசீன் வகையைச் சேர்ந்த அம்மருந்து பலனளிக்கிறது. ஆனால் தூக்கத்தை வரவழைப்பதால், போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை உடையவருக்கு அது பெருந்தொல்லையாகிறது. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளே பயணக் குமட்டலுக்கு மிக எளிதில் ஆளாகின்றனர் என்பதையும், பின்னிருக்கையில் கைபேசியைக் கொடுத்து அமர்த்தப்படுபவர்களும் அவர்களே என்பதையும் சேர்த்து நினைத்தால், பக்கவிளைவு இல்லாத, தனிச் செலவும் இல்லாத இத்தகைய வசதி அணுகல்வசதிப் பிரிவுக்குள் ஆழப் புதைந்து கிடப்பது வருத்தத்துக்குரியது. வண்டி நகர்வதைக் கைபேசியே உணரும்போது, இவ்வசதியை இயக்கலாமா என்று அது ஒருமுறையேனும் கேட்பது முறையாகும்.

கைபேசிக்கு முன்னறிவும் எட்டாத ஒன்றன்று. செல்லும் வழி வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும்போது, அடுத்த வளைவு எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம் வருகிறது என்பது அக்கருவிக்குத் தெரியும். அதைக் கொண்டு குரல் வழிகாட்டல் நாள்தோறும் நடைபெறுகிறது. அந்த அறிவைப் புள்ளிகளோடு இணைத்து, வண்டி திரும்புவதற்கு ஓரிரு விநாடி முன்னதாகவே அவை அப்பக்கத்தை மெல்ல உணர்த்துமாறு செய்தால், திடீர் பிரேக்கை அதனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றாலும், கொண்டை ஊசி வளைவுகளைச் சொல்ல முடியும். அடுத்த பதிப்புகளை வடிவமைப்பவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய பணி இதுவே.